போதும் என்று சொன்ன பிளக்

என் சின்ன மகள் பியூலா போன தவக்காலத்தில் ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு இதை எனக்குச் சொன்னாள்.

ஒருவர் வீட்டிலேயே லேத்தில் இரும்பைக் கடைந்து செய்த குட்டி இன்ஜின் ஒன்று இருந்தது. அதற்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டர். தீப்பொறி போடுவது பிளக். இன்ஜின் சீராக ஓடாமல் திக்கித் திக்கி இருமும். "பிள்ளைக்குப் பசி போல" என்று கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும்.

"போதும்க்கா. நான் முழுக்க நனஞ்சுட்டேன், பொறி வரமாட்டேங்குது" என்றது பிளக்.

"வளர்ற பிள்ளைக்குக் கணக்குப் பாக்காதே. சோம்பேறிக்குச் சாக்கு வேற" என்றது கார்புரேட்டர்.

இன்ஜின் நின்றேவிட்டது. செய்தவர் பிளக்கைக் கழற்றினார். கரியும் ஈரமுமாக இருக்கவே, தூக்கி எறிந்துவிட்டார். புதுப் பிளக்கும் நனைந்த பிறகுதான் பெட்ரோல் குறைவாக வரும்படி கார்புரேட்டரின் திருகைக் கொஞ்சம் இறுக்கினார். இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

கார்புரேட்டருக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அக்கா என்று கூப்பிட அந்தப் பிளக் இல்லையே. "போதுமா தம்பி?" என்று புதுசிடம் கேட்டது. அது இன்னும் பேசிப் பழகவில்லை.

பியூலா இதைச் சொன்னதிலிருந்து நான் யார் தட்டிலும் அள்ளிப் போடுவதில்லை. சோற்றுப் பானையை உன் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீயே போட்டுக்கொள், என்ன?