பெயிண்டர் வாய் திறந்தார்

"பாப்பா, இது வெங்காயம். அப்பா தோலை உரிக்கிறேன். உரிச்சாச்சு. இப்ப கண்ணு எரியுது."

பெயிண்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மூன்று வாரமாக வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் விடாமல் பேசினால் கட்டாமல் என்ன செய்யும்?

அதற்கு முன்னால் அவர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் 'சாப்பாடு', 'வரேன்' என்ற இரண்டே வார்த்தைகளில் நாளை ஓட்டியவர். கோபமெல்லாம் இல்லை, சுவரோடு வேலை பார்த்துப் பார்த்து அப்படியே பழகிவிட்டது.

பிறந்ததிலிருந்தே காது கேளாத இரண்டு வயது மகளுக்குப் போன மாதம் ஆபரேஷன் செய்து, காதுக்குள் கருவி வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாம பேசப் பேசத்தான் பாப்பாவுக்குப் பேச்சு வருமாம். டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க இப்படியே வாயை மூடிட்டு இருந்தா பிள்ளைக்குப் பேச்சே வராம போயிடும்."

பெயிண்டர் பயந்துபோனார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்துவிடுவார். ஏணி ஆடிய கதை, பச்சைதான் வேண்டும் என்ற மாமியாரும் மஞ்சள்தான் என்ற மருமகளும் ஏணிக்குக் கீழே மல்லுக்கட்டிய கதை. பாப்பா பாதியிலேயே தூங்கிவிடுவாள்.

"தூங்கிட்டாளே" என்று நிறுத்துவார்.

"தூங்கினா என்ன? சொல்லுங்க, கடைசியில எந்தக் கலர் அடிச்சீங்க?" என்பாள் மனைவி, குழாயை மூடிவிட்டு.

நான்காவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பெட்டியிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து, பாப்பாவின் காதுக்குப் பின்னால் மாட்டினார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

"இப்பக் கூப்பிடுங்க சார்."

"பாப்பா."

கரகரத்த குரல்தான். ஆனாலும் குழந்தை பொம்மையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியது. பெயிண்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு மாசமா மூச்சுவிடாம பேசினேன் டாக்டர். பலன் கிடைச்சிடுச்சு."

டாக்டரம்மா புரியாமல் பார்த்தார். "ஒரு மாசமாவா? இதை வெளியில மாட்டினாத்தான் சார் உள்ளே இருக்கிறது வேலை செய்யும். இன்னிக்குத்தான் பாப்பாவுக்கு முதல் தடவையா சத்தம் கேக்குது. இதை மாட்டின பிறகுதான் பேசணும்னு உங்க வீட்டம்மாகிட்ட ஆபரேஷன் அன்னிக்கே சொன்னேனே."

பெயிண்டர் மெல்ல மனைவியைப் பார்த்தார்.

அவள் தலை நிமிராமல் பாப்பாவின் முடியை ஒதுக்கிவிட்டபடி சொன்னாள்:

"எனக்குக் காது கேக்குதுல்லங்க."