குலுங்காத பாட்டில்

பாலை மலையில் நடக்கத் தொடங்கிய அன்றே நாவரசும் ஜெரால்டும் தண்ணீர்ப் பாட்டில்களை மாற்றிக்கொண்டார்கள். அவனவன் தண்ணீர் மற்றவன் பையில். கேட்டு வாங்கித்தான் குடிக்க வேண்டும். நாலாம் நாள், வரைபடத்தில் இருந்த சுனை வறண்டு கிடந்தது. மிச்சம் ஆளுக்கொரு பாட்டில்தான்.

முன்னால் போன ஜெரால்டு திரும்பிக் கையை நீட்டினான். "என் பாட்டிலக் குடுடா, நாக்கு ஒட்டுது."

அதை நாவரசு விடியற்காலையில், அவன் தூங்கும்போதே குடித்து முடித்திருந்தான்.

"மொதல்ல என்னோடதக் குடு."

காலையிலிருந்து ஜெரால்டின் பைக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் நாவரசுக்கு உறைத்தது. நிறைந்த பாட்டிலும் குலுங்காது, காலிப் பாட்டிலும் குலுங்காது. ஜெரால்டு பையை இறக்கி, ஜிப்பில் கை வைத்தான்.