கலப்படமில்லாத அப்பம்

“இந்த மடத்துல கத்தோலிக்க விசுவாசம்னு ஒண்ணு மிச்சம் இருக்குன்னா, அது நான் ஒருத்தி இருக்கிறதாலதான் ஃபாதர்!” மடத்துத் தலைவியான மதர் மேசையைத் தட்டிய வேகத்தில் காப்பிக் கோப்பை குலுங்கியது.

மறைமாவட்ட ஆயர் அனுப்பிவைத்த ஃபாதர் கோப்பையை ஓரமாக நகர்த்திக்கொண்டார். விடாமல் நச்சரித்து அவரை வரவழைத்ததே மதர்தான். அந்தக் கன்னியர் மடத்தில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மதர் கண்ணுக்கு அத்தனை பேரும் தடம் புரண்டவர்கள்.

“ஒருத்தி கண்ணை மூடிக்கிட்டு மூச்சை எண்ணுறா, கேட்டா ஜெபமாம். கிச்சன் சிஸ்டர் அதுக்கும் மேல! செத்துப்போன நாய்க்காக ஒரு குழந்தை அழுதுச்சுன்னு, ‘அது மோட்சத்துல வாலாட்டிக்கிட்டு நிக்கும்’னு மறைக்கல்வி வகுப்புலயே சொல்லிட்டு வந்திருக்கா. அவளை மட்டும் வேற மடத்துக்கு மாத்திடுங்க ஃபாதர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நாய்க்கு மோட்சமா?” ஃபாதர் தாடிக்குள் சிரித்தார்.

மதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டை வறளக் கத்தினால், கடைசியில் சிரிக்கிற ஆளையா அனுப்பிவைப்பார்கள்?

“சிரிக்காதீங்க. நாய்க்கு மோட்சம் குடுக்கிறவ கையில நற்கருணை அப்பத்தை விட முடியுமா? வாங்க, காட்டுறேன்.”

இடுப்புச் சாவியால் கோயிலுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையைத் திறந்தார். திருப்பலிக்கு அப்பம் சுடும் அறை அது. காலங்காலமாகக் கிச்சன் சிஸ்டர் பார்த்துவந்த வேலை. நாய் விஷயம் காதில் விழுந்த அன்றே மதர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“மாவு எது, பக்குவம் என்னன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே நான்! கேட்டா அதுலயும் ஒரு புதுப் போதனையைக் கலந்துடுவா.” நீல டின்னைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று மாவு, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. “கோதுமை மாவு, தண்ணி. அவ்வளவுதான். வேற மாவுல சுட்டா அப்பமும் செல்லாது, பலியும் செல்லாது. இதெல்லாம் இவங்களுக்குத் தெரியுமா?”

“சரிதான் மதர்.”

“ஆர்மோனியம் வாசிக்கிற சின்ன சிஸ்டர் இருக்காளே, அவ கோதுமை பட்டாலே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டுடுவா. பூசையில திராட்சை ரசத்தை மட்டும் வாங்கிட்டு ஒதுங்கிடுவா. ‘ஆண்டவரோட உடம்பு உனக்கு வயித்துவலி குடுக்குமா? விசுவாசமா வாங்குடி’ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். இப்ப மாசக்கணக்கா நான் சுட்ட அப்பத்தைத்தான் வாங்குறா. ஒரு ஏப்பம்கூடக் கிடையாது!”

ஃபாதரின் நெற்றி சுருங்கியது. “ஆண்டவரோட உடம்பா மாறினாலும் கோதுமையோட குணம் போகாதே மதர். அதுவும் சபையோட போதனைதானே?”

“போச்சுடா! நீங்களும் அவங்க கட்சியா?” மதர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவளையே கூப்பிடுறேன், நீங்களே விசாரிங்க.”

கிச்சன் சிஸ்டர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

“உங்களை வேற மடத்துக்கு மாத்தணும்னு மதர் சொல்றாங்க. நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்றார் ஃபாதர்.

“எனக்கென்ன ஃபாதர், அடுப்பு எந்த ஊர்லயும் எரியும். நாய் விஷயத்துல நான் வாயை அடக்கியிருக்கணும், தப்புதான்.” தயங்கினார். கண் மதரின் கையிலிருந்த டின்னுக்குப் போனது. “போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. மதர் திட்டுவாங்கன்னுதான் இத்தனை நாள் கேட்கலை.”

“கேளு, கேட்டுத் தொலை!” என்றார் மதர்.

“அந்த நீல டின்னைக் குடுத்துடுங்க மதர். கிச்சன்ல எலித் தொல்லைன்னு இங்க கொண்டுவந்து வெச்சேன், அன்னைக்கே நீங்க பூட்டிட்டீங்க.”

“எதுக்கு உனக்கு?”

“சின்ன சிஸ்டருக்குன்னு நான் அரைச்சு வெச்ச அரிசி மாவு மதர் அது.”