இடுக்கில் ஒட்டிய சேறு

துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழங்காலத்து டிராக்டரைத் தெய்வநாயகம் பாடுபட்டுச் சரிசெய்தார். அதற்கு எந்தச் சிவப்பு அடிக்க வேண்டும், எந்த நட்டு போட வேண்டும், எஞ்சின் எப்படி உறும வேண்டும் என்று பல ஊர்ச் சேகரிப்பாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பழைய வண்டிகளின் கண்காட்சியன்று அதை ஸ்டார்ட் செய்ததும், ஒரு கொக்கு பறந்து வந்து பின்சக்கரத்தை ஒட்டி இறங்கியது. உழுகிற டிராக்டரின் பின்னால் நடந்து புழு பொறுக்குவது கொக்குகளின் வழக்கம்.

"எப்ப உழப்போறே?" என்று கேட்டது கொக்கு.

"எங்கே உழுறது? கீழே பாரு, சிமெண்டுத் தரை" என்றது டிராக்டர்.

"அப்புறம் எதுக்கு இந்தச் சத்தம்?"

"கேட்டு ரசிக்கத்தான்."

கொக்கு சிறகை விரித்தது.

"கொஞ்சம் இரு" என்று கெஞ்சியது டிராக்டர். "என் இடது சக்கரத்து இடுக்கிலே துளிச் சேறு ஒட்டியிருக்கு. கழுவினப்ப அவர் கண்ணிலே படலை. நான் கடைசியா உழுத மண்ணு அது. எந்த வயல்னு மறந்துபோச்சு. நீ சொல்லேன்."

கொக்கு மூக்கால் தொட்டுப் பார்த்தது. "காஞ்சுபோச்சே. கொஞ்சம் ஈரம் பட்டா வாசனையிலே சொல்லிடுவேன்."

"அடடா, இங்கே அழுக்கு!" என்று தெய்வநாயகம் ஈரத்துணியோடு ஓடிவந்தார். கொக்கு விலகி நின்றது. துணி பட்டதும் சேறு இளகியது. ஒரு நொடி மண்வாசனை எழுந்தது.

"ஏரிக்கரை வயல்!" என்று கத்தியது கொக்கு.

தெய்வநாயகம் துணியை உதறினார்.

"இப்பத்தான் அப்படியே பழைய வண்டி" என்றார்.