சாப்பாட்டு மேசைப் பட்டிமன்றம்

“கன்சோல் அம்பத்தஞ்சாயிரம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதுல ஒரு கேம் வாங்கணும்னா அஞ்சாயிரம் ஆகுதேப்பா. பிசில அதே கேம் தள்ளுபடி நேரத்துல ஐந்நூறுக்குக் கிடைக்கும்” என்றான் காலேப், தோசையைப் பிய்த்தபடி.

“பிசி தொண்ணூறாயிரம் ஆகுதே, அதை யாரு பேசுறது? மிச்சக் காசுக்கு ஏழு கேம் வாங்கலாம்டா” என்றார் அவன் அப்பா எலியேசர்.

அடுப்படியில் அவன் அம்மா ஜோசலின் தோசைக்கரண்டியை ‘டங்’கென்று வைத்தாள். ஆரம்பித்துவிட்டார்கள் அப்பாவும் பிள்ளையும். ஊரப்பாக்கத்தில் எல்லார் வீட்டிலும் தோசைக்குச் சட்னியோ சாம்பாரோ தொட்டுக்கொள்வார்கள். இந்த வீட்டில் மட்டும் நாலு மாசமாக கிராஃபிக்ஸ் கார்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

அவளுக்கு எரிச்சல் மட்டுமல்ல, பயமும் இருந்தது. போன வருஷம் காலேஜ் விஷயமாக இப்படித்தான் ஒரு பேச்சு தொடங்கியது. காலேப் விஸ்காம் படிக்க வேண்டும் என்றான். எலியேசர் பிடிவாதமாக இன்ஜினியரிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முழுசாக ஒரு வருஷம். பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ‘அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லும்மா’ என்று அவனும், ‘அவனைச் சர்ச்சுக்குக் கிளம்பச் சொல்லு’ என்று இவரும் சொல்லச் சொல்ல, நடுவில் தபால்காரியாக அலைந்து அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் காலேப் தானாக வந்து, “அப்பா, எனக்கு ஒரு கேமிங் பிசி வேணும்” என்றபோது கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னவள் அவள்தான். இப்போது இந்தப் பேச்சும் ஒரு சண்டையில் முடிந்து, வீடு மறுபடி ஊமையாகிவிடுமோ என்று கலங்கினாள். எதையாவது ஒன்றை வாங்கித் தொலையுங்களேன் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

முடிவுக்கு வந்தால்தானே? பையன் பிசி என்றால், ஹாலில் இவ்வளவு பெரிய டிவி இருக்கும்போது தனியாக மானிட்டர் எதற்கு, யூபிஎஸ் எதற்கு என்பார் எலியேசர். சரி, கன்சோலே இருக்கட்டும் என்று அவன் இறங்கி வந்தால், அதில் காலேஜ் புராஜெக்ட் பண்ண முடியுமா என்று கேட்டு இவர் பிசி பக்கம் தாவிவிடுவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் எலியேசர் ஏதோ ஞாபகத்தில், சரி, பிசியே வாங்கிடலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், யோசித்துப் பார்த்தால் கன்சோல்தான் சரி, விற்றால் பாதி விலையாவது வரும் என்று பையன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை மேய்க்கிற ஜோசலினுக்கு, இந்த இரண்டு பேரை மேய்க்க முடியவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலேப் கடைக்குப் போயிருந்த நேரம், வாசலில் கட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எடுக்க அவள் ஸ்டூல் போட்டு லாஃப்டை எட்டினாள். பழைய மெத்தை விரிப்பை இழுத்தாள். அதற்குப் பின்னால் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள். ஒன்றில் பிசி, இன்னொன்றில் மானிட்டர். ஒட்டின டேப்கூடப் பிரியவில்லை. மேலே செருகியிருந்த பில்லில் எலியேசரின் பெயர், செப்டம்பர் ஒன்பதாம் தேதி.

ஜோசலின் பில்லை உருவி எடுத்தாள். ஸ்டூலில் நின்றபடியே கணவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க இது? செப்டம்பர்லயே வாங்கி வெச்சிட்டு, தினமும் ராத்திரி என் உயிரை வாங்கிட்டு இருக்கீங்களா?”

எலியேசர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் என் எதிர்ல உக்காந்து சாப்பிடுறான், ஜோசலின். இத கீழ எறக்கினா தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவான். அப்புறம் என்கூட எதுக்குப் பேசப்போறான்?”

திட்டுவதற்கு அவளிடம் நாலு மாசத்துக்கான சரக்கு இருந்தது. இருந்தும், விரிப்பை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு, நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சாயங்காலம் காலேப் வாசலில் அந்த நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜோசலினுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தலைக்கு மேலே பொருளை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் பிள்ளை தினமும் மன்றாடுகிறானே.

“அப்பா கடைசிவரைக்கும் வாங்கித் தரலன்னா ரொம்ப வருத்தப்படுவியாடா?” என்று மெல்ல ஆழம் பார்த்தாள்.

காலேப் ஒயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தான்.

“பெட்டியப் பாத்துட்டியா? அக்டோபர் மழைல ரெயின்கோட் எடுக்க நீதானம்மா என்னை லாஃப்ட்ல ஏறச் சொன்ன? நான் அப்பவே பாத்துட்டேன்” என்றவன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. அது கீழ வந்துடுச்சுன்னா அவரு மறுபடியும் என்கிட்ட பேசமாட்டாரு.”