மூடிக்குக் கீழே நீலம்

குப்பிக்குள் இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் நொதியின் செம்பு இன்னும் ஆக்சிஜனைத் தொடவில்லை. தொட்ட கணமே நீலமாகிவிடும். அந்தக் கணத்தை அளக்கத்தான் ஆராய்ச்சி மாணவி மாதக்கணக்கில் பூஞ்சை வளர்த்து, அதிலிருந்து நொதியை வடித்து, இந்த ஒரு விரற்கடையைச் சேர்த்திருக்கிறாள். தன் மூச்சே உள்ளே போய்விடும் என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். காற்றை அண்டவிடாத நைட்ரஜன் பக்கத்தில் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் ரப்பர் மூடியில் விழுகிறது. அதன் முகமெல்லாம் பழைய ஊசிக்குத்துகள், அம்மைத் தழும்புபோல. ஒவ்வொரு குத்தும் வெளிக்காற்று நுழைய ஒரு வழி.

"டேய், இது பழைய மூடியாச்சே?"

"புதுசு தீந்துபோச்சு. ஒரு வாட்டிதானே, தாங்கும்னு போட்டுட்டேன்," என்கிறான் ஆய்வகக் கூட்டாளி, நிறமளக்கும் கருவியின் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். சட்டென்று அவன் முகம் மலர்கிறது. "அட, நீலம் ஏறுது! சொல்லாமக் கொள்ளாம ஆக்சிஜனைத் தொறந்துட்டியா?"

அவள் விரல்கள் ஆக்சிஜன் குழாயின் திருகைப் பிடித்தபடியே இருக்கின்றன. திருகு இறுக மூடியிருக்கிறது. குப்பியில், மூடிக்குக் கீழே, மயிரிழை அளவுக்கு ஒரு நீல வளையம் மெல்லக் கீழிறங்குகிறது.