செக்கடியில் ஒரு சாட்சி

நரியின் எண்ணெய்ச் செக்கை மயிலைக்காளையும் செவலைக்காளையும் ஜோடியாக இழுத்துவந்தன. ஒருநாள் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து மயிலைக்குக் கால் முறிந்தது. வைத்தியச் செலவை ஏற்கும்படி அது நரியிடம் போய்க் கேட்டது.

“எங்கேயோ விழுந்துவிட்டு வந்து என் தலையில் கட்டப் பார்க்கிறாயா? இங்கேதான் விழுந்தாய் என்பதற்குச் சாட்சி உண்டா?” என்றது நரி.

மயிலை நம்பிக்கையோடு செவலையைப் பார்த்தது. அன்று முட்டுக்கொடுத்து எழுப்பிவிட்டதே செவலைதான்.

செவலை நரியின் முகத்தைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

“நான் கவனிக்கலைண்ணே.”

மயிலைக்குக் கோபம் வரவில்லை. செவலைக்கும் போக வேறு இடமில்லை என்று அதற்குத் தெரியும். நொண்டியபடியே வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வாயில் நுரை தள்ள, செவலை தனியாகவே செக்கை இழுத்துக்கொண்டிருந்தது.

“இதற்கு ஒரு மாடே போதும் போலிருக்கிறதே” என்றது நரி.